பட்டைக்குத் தெரிந்த சேதி

பாளையங்கோட்டை கால்சென்டரில் குரலைத் திருத்தும் கழுத்துப்பட்டை கட்டாமல் யாரும் ஆங்கிலம் பேசக்கூடாது. கேட்பவருக்கு எது புதுச் சேதியோ, அந்தச் சொல்லில் குரலைப் பட்டை தூக்கிக் கொடுக்கும். ஏற்கெனவே தெரிந்ததைத் தாழ்த்திவிடும். வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்களாம்.

செல்வினுக்குப் பக்கத்து இருக்கை பெனிட்டா மேல் கொள்ளை ஆசை. தமிழில் சொல்ல வாய் வரவில்லை. பட்டையை நம்பி, கேன்டீனில் வைத்து ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டான்.

"ஐ லவ் யூ."

கண்ணாடி முன் நின்று பழகிய ஏற்ற இறக்கமெல்லாம் எங்கோ போய்விட்டது. ரயில் தாமத அறிவிப்பு மாதிரி தட்டையாக வந்து விழுந்தது.

"பாழாப்போன பட்டை!" என்று அதைப் பிடித்து இழுத்தான்.

பெனிட்டா சிரித்தாள். "எதுக்கு அத ஏசுதிய? பட்டையில ஒண்ணுமில்ல. எனக்குத்தான் எப்பமோ தெரியுமே."

தெரிந்துமா இத்தனை நாள் பேசாமல் இருந்தாள்? அப்படியென்றால் அவளுக்கு விருப்பமில்லை என்பதுதான். செல்வின் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

பெனிட்டா தன் பட்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஐ லவ் யூ டூ."

முதல் மூன்று சொற்களும் தாழவே கிடந்தன. அந்தக் கடைசிச் சொல்லைப் பட்டை தூக்கிய தூக்கில் கேன்டீன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.