முப்பத்தொன்றாம் நம்பர் மீன்கொத்தி

சிரிலின் சவப்பெட்டிமேல் விழுந்து தசரதன் அழுத அழுகையைப் பார்த்து, நந்திதுர்க் தங்கச் சுரங்கத்து லைன் வீட்டுப் பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். "கூடப் பொறந்தவன்கூட இப்டி அழமாட்டான்" என்றாள் பக்கத்து வீட்டுத் தாயம்மா.

அழுகை பொய்யென்று சொல்ல முடியாது. பதினெட்டு வருஷம் ஒரே ஷிப்டில், ஒரே கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். ஆனால் அழுகிறவனின் கண் எங்கே இருந்தது என்று கேளுங்கள். பிணத்தின் கோட்டுப் பையில்!

அந்தப் பையில்தான் மீன்கொத்தி இருந்தது.

தொண்ணூற்று மூன்றில் ஒரு டீத்தூள் கம்பெனிக்காரன் பொட்டலத்துக்கு ஒரு பறவைப் படம் போட்டான். மொத்தம் நாற்பத்தெட்டு கார்டு. இறகு இறகாகப் பிரித்து வரைந்து, ஓரத்தில் தங்கக் கோடு இழுத்து, அடடா! எட்டு மணி நேரம் பூமிக்கடியில் இருட்டைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? லைனில் ஆம்பளைகளெல்லாம் பித்துப் பிடித்து டீ குடித்தார்கள்.

தசரதனிடம் நாற்பத்தேழு சேர்ந்தது. மீனைக் கவ்விக்கொண்டு தண்ணீரிலிருந்து எழும்புகிற முப்பத்தொன்றாம் நம்பர் மட்டும் வரவேயில்லை. கம்பெனியும் கார்டு போடுவதை நிறுத்தித் தொலைத்தது. ஆல்பத்தைத் திறந்தால் அந்தக் காலிக் கட்டம் அவனைப் பார்த்துப் பல்லிளித்தது.

லைனிலேயே சிரிலிடம் மட்டும்தான் அது இருந்தது. தசரதன் கைக்கடிகாரம் தருகிறேன் என்றான், சண்டைச் சேவல் தருகிறேன் என்றான்.

"உசுரு இருக்கிற வரைக்கும் குடுக்க மாட்டேன் மச்சான்" என்று சிரித்தே கொன்றான் சிரில்.

சுரங்கத் தூசி நெஞ்சை அடைத்துப் படுக்கையில் விழுந்தபோது, மனைவி ஸ்டெல்லாவிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டான். "மீன்கொத்தி பையில இல்லாம என்னை மண்ணுல வெக்காத." லைன் முழுக்கத் தெரிந்த சங்கதி இது.

அப்பேர்ப்பட்ட கார்டு மண்ணுக்குள் போவதா? தசரதனுக்கு வயிறு எரிந்தது. நண்பனின் நெற்றியில் முத்தமிடக் குனிந்தான். நிமிர்ந்தபோது கார்டு அவன் சட்டைக்குள் இருந்தது. "எனக்கு செகண்ட் ஷிப்ட்" என்று முனகிவிட்டு, பெட்டியை மூடுவதற்கு முன்பே நழுவினான்.

வேலைக்கா போனான்? நேரே வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, காலிக் கட்டத்தில் கார்டைச் செருகினான். லேசாகப் பெயிண்ட் வாசனை அடித்தது. புதுச் சவப்பெட்டியின் வாசனை ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நாற்பத்தெட்டும் சேர்ந்துவிட்டது! சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை அவனுக்கு.

மறுநாள் சாயங்காலம் ஸ்டெல்லா வந்து நின்றாள். தசரதன் ஆல்பத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

"வாம்மா. இன்னா, நீயே வந்துட்ட?"

"நேத்து பெட்டிய மூடறப்போ பாக்கறேன், அவரு பையில கார்டு இல்லண்ணா. எந்தப் பாவியோ எடுத்துகினு பூட்டான்."

"அடப்பாவிங்களா! பொணத்துகிட்டயா திருடுவானுங்க?" வெட்கங்கெட்டவன், குரல்கூட நடுங்கவில்லை.

"போனா போவட்டும்ணா. அது பெயிண்டர் ஏசுபாதம் அச்சு அசலா வரஞ்சு குடுத்தது. நெஜக் கார்ட உங்களுக்குக் குடுக்கணும்னுதான் அவரு அத வரையச் சொன்னாரு. அடக்கம் முடிஞ்சதும் எங்க தசரதன் கையில குடுன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடனாரு."

தசரதனின் கை அவனையறியாமல் நீண்டது. "அந்த நெஜக் கார்டு எங்கம்மா?"

ஸ்டெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணிட்டு வெறும் பையோட அனுப்ப முடியுமாண்ணா? அதையே வெச்சு ஆணி அடிச்சுட்டோம்."