நாலு நிமிஷம் முன்னதாக

"பாத்தியா, இன்னிக்கும் நேத்தைவிட நாலு நிமிஷம் சீக்கிரம்" என்றாள் அக்கா, சுவர்க் கடிகாரத்தையும் வாசலில் வந்து நின்ற கணவரின் ஸ்கூட்டரையும் மாறி மாறிப் பார்த்தபடி.

விடுமுறைக்கு வந்திருந்த தங்கை நம்பவில்லை. "ஏதோ தற்செயலா இருக்கும்க்கா."

"ஒரு மாசமா தினமும் தற்செயலா? முன்னெல்லாம் எட்டு மணிக்கு மேலதான் வருவாரு. நான் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவுத்து வெச்சிருப்பேன். இப்ப ஆறு மணிக்கே ஆள் வீட்டுல."

சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம். பல்கலைக்கழகத்து வானியல் பேராசிரியருக்கு வாழ்க்கைப்பட்டவள், பாதி நாள் சுவரோடுதான் பேசியிருக்கிறாள். அவர் பகலில் பாடம் எடுப்பார். மாலையானால் வளாகத்தின் பின்பக்கத் திடலுக்குப் போய்விடுவார். நட்சத்திரங்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்க, பெரிய கம்பிக் கிண்ணம் ஒன்றை அங்கே கட்டிக்கொண்டிருந்தார். போன மாதம்தான் அது முடிந்தது. துணைவேந்தரிடம் கெஞ்சி வாங்கிய இடம், பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய கம்பி. அந்தப் பல்கலைக்கழகத்துக்கே அதுதான் முதல் ரேடியோ தொலைநோக்கி.

அதற்குத் தங்கை வைத்த பெயர் சக்களத்தி. போனில் அவள் அப்படிக் கிண்டல் செய்யும்போதெல்லாம் அக்கா சிரிப்பாள். போனை வைத்த பிறகு சிரிக்க மாட்டாள்.

"அப்ப ஒரு வழியா சக்களத்தியை ஜெயிச்சுட்டேன்னு சொல்லு" என்றாள் தங்கை.

பேராசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மனைவியை ஒரு கணம் பார்த்தார், உடனே தரையைப் பார்த்தார். கல்யாணப் போட்டோவிலேயே தரையைப் பார்த்தபடி நிற்பவர் அவர்.

"மாமா, தினம் நாலு நிமிஷம் முன்னாடி வர்றீங்களாமே, என்ன ரகசியம்?" என்று தங்கை வம்புக்கு இழுத்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது... எங்க கிண்ணத்தைத் திருப்ப முடியாது. நட்சத்திரம்தான் அதுக்கு நேர் மேல வரணும். எந்த நட்சத்திரமா இருந்தாலும் தினமும் நாலு நிமிஷம் முன்னாடியே வந்துடும். அது தாண்டிப் போயிட்டா என் வேலை முடிஞ்சுது."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப சீக்கிரம் வர்றது நீங்க இல்ல, நட்சத்திரம்."

"ம்."

"இப்படியே போனா, கொஞ்ச மாசத்துல அது விடியக்காலையில வருமா?"

"வரும்."

"நீங்களும் தூக்கத்துல எழுந்து ஓடிடுவீங்க."

அவர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

அக்கா காபி போடச் சமையலறைக்குள் போனாள். ஒரு மாதமாகத் தன்னைத் தேடித்தான் ஓடி வருகிறார் என்று மனக்கோட்டை கட்டியிருந்தாள். அழுகையாக வந்தது. தங்கை இருக்கும்போது அழக்கூடாது என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் பல்கலைக்கழகத்து வெல்டர் நின்றிருந்தார்.

"சார், இந்தாங்க திடல் சாவி. கிண்ணத்தை நிமித்தி நிறுத்தியாச்சு. நாளையிலேருந்து நீங்க உங்க நட்சத்திரத்தைப் பாக்கலாம்."

காபியோடு வந்த அக்கா அப்படியே நின்றாள். "கிண்ணத்துக்கு என்ன ஆச்சு?"

"சார் சொல்லலையாம்மா? கட்டி முடிச்ச மறுநாளே காத்துல சாஞ்சு தரையோட படுத்திருச்சு. ஒரு மாசமா சாருக்கு அங்க வேலையே இல்லையே."

வெல்டர் போய்விட்டார். அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் வழக்கம்போல் தரையைப் பார்த்தார்.

"ஒரேயடியா ரெண்டு மணி நேரம் சீக்கிரம் வந்தா," என்று அந்தத் தரையிடமே சொன்னார், "ஏன்னு கேட்டிருப்பியே."