மொட்டை மாடியில் ஆறு வைக்கோல் கட்டு

அந்த நாலு மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குத் தூக்கம் போய் வெகு நாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தல். போன முறை போட்டியே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தவர். இந்த முறை இரண்டாம் மாடிப் பல் டாக்டர் எதிர்த்து நிற்கிறார். செயலாளராக இருந்து அவர் என்னத்தைக் கிழித்தார் என்று லிப்டில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் டாக்டர். பாவம், பதில் சொல்லச் செயலாளரிடம் ஒன்றும் இல்லை. நாற்காலியும் போய்விட்டால், ஓய்வு பெற்ற மனிதருக்கு வீட்டில் வெங்காயம் உரிக்கிற உத்தியோகம்தான் மிச்சம்.

அப்போதுதான் மொட்டை மாடியிலிருந்து அந்த வாடை இறங்கி வந்தது.

நாலாம் மாடிக்குப் புதிதாக ஒரு தம்பதி குடிவந்திருந்தார்கள். கணவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். வந்த கையோடு ஆறு வைக்கோல் கட்டுகளை வரவழைத்து, ஆள் நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு மாடியில் அடுக்கினார். மண்ணே இல்லாமல் வைக்கோலிலேயே தக்காளி வளர்க்கப் போகிறாராம். காலையானால் கட்டுகளின் மேல் ஏதோ வெள்ளைப் பொடியைத் தூவுவார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். கட்டடம் அவருக்கு 'வைக்கோல் சார்' என்று பெயர் வைத்துவிட்டது.

செயலாளர் மேலே போய்ப் பார்த்தார். கட்டுக்குள் கையை விட்டவர் சுரீரென்று இழுத்துக்கொண்டார். ஜுரக்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. மேலே கறுப்புக் காளான்கள் குடை விரித்திருந்தன. மூக்கைத் துளைக்கிற நெடி வேறு.

"யூரியா போட்டா வைக்கோல் உள்ளுக்குள்ள இப்படித்தான் வேகும் சார்" என்று அவசரமாகக் குறுக்கே வந்து நின்றார் வைக்கோல் சார். "சூடு அடங்கினதும் நாத்து நடணும். அதுவரைக்கும் யாரும் கை வைக்காம இருந்தா நல்லது."

"வீட்டுல அம்மாவைக் காணோமே?"

"அக்கா வீட்டுக்குப் போயிருக்கா."

செயலாளர் கீழே இறங்கி விசாரித்தார். முதல் மாடி டீச்சரிடம் வைக்கோல் சார், மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பல் டாக்டர் வீட்டம்மாவிடம், உடம்பு முடியாமல் படுத்திருப்பதாக. வைக்கோல் சாரின் மனைவி கேட்டைத் தாண்டிப் போனதை வாட்ச்மேன் பார்க்கவே இல்லை. ஆனால் வாட்ச்மேன் பார்க்காமல் விட்டதையெல்லாம் சொல்லப் புறப்பட்டால் அது தனிக் கதை.

செயலாளருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தில் அல்ல. கொலையைக் கண்டுபிடித்த செயலாளரை எந்தப் பல் டாக்டரால் அசைக்க முடியும்?

அவர் மனைவி அடுப்பிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை. "பொண்டாட்டியைக் காணோம்னா உடனே கொலையாங்க? நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, ஆளு இல்லைங்கிறதே உங்களுக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

சனிக்கிழமை காலை போலீஸ் ஜீப் வந்து நின்றது. செயலாளர் அதோடு விடவில்லை. கண்டுபிடிப்புக்குச் சாட்சி வேண்டாமா? அதுவும் நாளைக்கு ஓட்டுப் போடப் போகிற சாட்சி. மாடி மாடியாக ஓடி, வாசல் மணிகளை அழுத்தி, போட்டது போட்டபடி வாருங்கள் என்று மொத்தக் கட்டடத்தையும் மேலே ஏற்றினார். ஒருவர் சோப்பு நுரையும் துண்டுமாக வந்தார். பல் டாக்டர், பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த நோயாளியையும் கூட்டிக்கொண்டே வந்தார். செயலாளரின் மனைவி கரண்டியோடு வந்தார். கட்டுகளைப் பிரிக்க ஆள் வேண்டுமென்று வாட்ச்மேனையும் கேட்டிலிருந்து வரவழைத்தாயிற்று.

"மெதுவா சார், ஒவ்வொண்ணாப் பிரிங்க" என்று இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சினார் வைக்கோல் சார். முகம் வெளிறிப் போயிருந்தது.

கயிறு அறுந்தது. குபீரென்று ஆவி கிளம்பியது. கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி முன்னே வந்தது. முதல் கட்டில் வைக்கோல். அடுத்ததிலும் வைக்கோல். கடைசிக் கட்டைச் செயலாளரே மண்டி போட்டு வாரி வாரி இறைத்தார். ஒரு வண்டு பறந்தது.

"என்னங்க இது? நம்ம தக்காளிப் பாத்தியை யாரு இப்படிப் பண்ணினது?"

படிக்கட்டு வாசலில், மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார் கொலையான அம்மா.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது அவருடைய அக்காவாம். துணைக்குப் போயிருந்தாராம். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா அழுத அழுகையில் டீச்சரும் சேர்ந்து அழுதார். இன்ஸ்பெக்டர் செயலாளரை ஏற இறங்கப் பார்த்தார். பல் டாக்டர் தம் தொழிலுக்கே விளம்பரம் போல அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார்.

"கொலைகாரன்னு பேர் வாங்கின இடத்துல இனி ஒரு வாய் சோறு இறங்காதுங்க" என்றார் வைக்கோல் சார். இப்போதே கிளம்புவதாகவும், சாமான்களுக்குப் பிறகு வண்டி அனுப்புவதாகவும் சொல்லிவிட்டு மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு இறங்கினார்.

செயலாளர் காலில் விழாத குறைதான். இவர்களையாவது சமாதானப்படுத்தி அனுப்பினால் நாலு ஓட்டு தேறாதா என்ற நப்பாசையில் பின்னாலேயே ஓடினார். வாசலில் டாக்சி காத்திருந்தது. பக்கத்திலிருந்த அந்த அம்மாவின் பெட்டியை, வேண்டாம் வேண்டாம் என்று அவர் தடுத்தும் கேளாமல், தம் கையாலேயே தூக்கி ஏற்றினார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"என்னம்மா, இந்தக் கனம் கனக்குது?"

"அக்கா கொடுத்தது சார். என்னை வெறுங்கையோட அனுப்பவே மாட்டா."

இன்ஸ்பெக்டர் ஜீப்பைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லி மரியாதையாக வழிவிட்டார். மாடியிலிருந்து மொத்தக் கட்டடமும் கையாட்டி வழியனுப்பியது.

அந்த அக்கா அப்படி என்னதான் கொடுத்திருந்தார் என்பது, அவரவர் திறந்து போட்டுவிட்டு வந்த வீட்டுக்கு இறங்கிப் போய்ப் பீரோவின் முன்னால் நின்றபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.