கடல் பார்த்த ஹோட்டல்

"கெஸ்டுங்களுக்குப் பிடிச்சா வேலை நிரந்தரம். கடல், காத்து, பறவைன்னு மனசுல வர்றத வாசிங்க. சன்னல் திரைய மட்டும் தொடாதீங்க," என்றார் மலாக்கா கடலோர ஹோட்டலின் மேலாளர் தனபாலன்.

"சரி சார்." தேவமலர் தன் ஹார்ப் வாத்தியத்தின் தந்திகளில் விரல் வைத்தாள்.

இசையில் அலை எழுந்தது, உடைந்தது, பின்வாங்கியது. விருந்தினர்கள் கண்மூடிக் கேட்டார்கள்.

"கடல் சன்னலுக்கு வெளியவே இருக்குலா!" விருந்தினர் ஒருவர் எழுந்து திரையை விலக்கிவிட்டார்.

கடலைக் காணோம். கடலைத் தூர்த்த செம்மண் திடலில் லாரிகள் மண் கொட்டிக்கொண்டிருந்தன. ஒரு லாரியிலிருந்து ஓட்டுநர் தேவமலரைப் பார்த்து உற்சாகமாகக் கையசைத்தான்.

"யாரும்மா அது?" என்றார் தனபாலன்.

"எங்க வீட்டுக்காரரு சார்." அவள் தலை குனிந்தாள். "என் வேலை போயிடுமா?"

"ஏன் போவுது? அவரு கொட்டக் கொட்ட உங்க வேலைதான்லா நிரந்தரமாவுது!"