நடுப் பொத்தான்

கை நடுங்கும் அம்மாவுக்காகத் திபேரியு, அடுத்த சொல்லை ஊகித்துத் தரும் ஒரு விசைப்பலகைச் செயலி செய்தான். ஆறு மாதம் தன் போனில் பழக்கியதை அப்படியே அவள் போனில் ஏற்றினான்.

"'அம்மா'ன்னு மட்டும் அடி. அப்புறம் நடுப் பொத்தானை அமுக்கிட்டே இரு. மிச்சத்தை அதுவே எழுதிடும்."

"என் மனசுல இருக்கறது அதுக்கு எப்படிடா தெரியும்?" என்றாள் அம்மா அக்லாயா.

புக்கரெஸ்ட் ரயிலில் அவன் ஏறி உட்கார்ந்ததும் அவளது முதல் செய்தி வந்தது.

"அம்மாவை முதியோர் இல்லத்துல விட்டுட்டு வீட்டை வித்துரலாம் அக்கா."

தான் அக்காவுக்கு அடித்த செய்திகளை அழிக்காமலே ஏற்றியிருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அடுத்த செய்தி வர அரைமணி நேரமானது. பொத்தானைத் தொடாமல், ஒவ்வோர் எழுத்தாக அவளே அடித்திருந்தாள்.

"கத்தரிக்காய்த் தொக்கு ஜாடியை மறந்துட்டுப் போயிட்டே. அக்காவுக்கும் சேர்த்துத்தான் கட்டி வெச்சேன்."