பனிக்கு எந்த வண்டி நல்லது?

வந்தவன் திருடன் என்று முடிவு கட்ட சீனுவாசனுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

விழுப்புரம் பைபாஸில் பழைய சொகுசு கார்களை விற்பவர் சீனுவாசன். ஆளை எடை போடுவதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. வந்தவன் பெயர் அறிவுச்செல்வனாம். திண்டிவனத்தில் அரிசி மில்லாம். வாசலில் நின்ற வெள்ளை செடானையும் கறுப்பு எஸ்யூவியையும் பெண் பார்க்க வந்தவன் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தான்.

"செடான் மாப்ள மாதிரி இருக்குது. எஸ்யூவி மாமனார் மாதிரி இருக்குது. எது நல்லா ஓடும்?" என்றான்.

"ஸ்டைலுக்கும், வளைவுல ரோட்டோட ஒட்டிக்கினு போறதுக்கும் செடான். பள்ளம் மேட்டுக்கு எஸ்யூவி. ஆனா வளைவுல வெரட்டுனா கொஞ்சம் ஆடும்," என்றாள் கடையின் விற்பனைப் பெண் வெண்ணிலா.

சீனுவாசன் அவளை முறைத்தார். விற்கிறவள் பேசுகிற பேச்சா இது? வீட்டிலேயே முதல் பட்டதாரி என்கிற திமிர். சென்னையில் வேறு வேலை கிடைத்துவிட்டதாம். திங்கட்கிழமை ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோடு வந்து சேரச் சொல்லியிருக்கிறார்களாம். இல்லாவிட்டால் வேலை இன்னொருத்திக்காம். வேலைக்குச் சேரும்போது பச்சை ஃபைலோடு வாங்கி பீரோவில் பூட்டிய சர்ட்டிபிகேட்டை அவ்வளவு லேசில் கொடுத்துவிடுவாரா? ஒரிஜினல் நம் கையில் இருந்தால் ஆளும் நம் கையில். "இன்னும் ஒரு வருசம் போவட்டும்மா" என்று சொல்லிவிட்டார்.

"பனிக்கு எதுங்க நல்லது?" வந்தவன் விடவில்லை. "மார்கழியில விக்கிரவாண்டி தாண்டுனா முன்னாடி போற லாரியே தெரியறதில்ல."

"ரெண்டுலயும் பனி லைட்டு இருக்குது," என்றாள் வெண்ணிலா.

"அந்தப் பனியில டோல்கேட் கேமராவுல நம்பர் விழுமா?"

சீனுவாசன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"வண்டியில ஜிபிஎஸ் வச்சிருக்கீங்களா? சாவி ஒண்ணா, ரெண்டா?"

முடிவு கட்டியது அப்போதுதான். ஆனாலும் விரட்ட மனசு வரவில்லை. ஒருவேளை வாங்குகிறவனாக இருந்துவிட்டால்? இரண்டு வண்டியும் ஆடி மாசத்திலிருந்து அசையாமல் நிற்கின்றன.

"நாளைக்கு விடியக்காலம் வர்றேன். ரெண்டையும் பனியில ஓட்டிப் பாத்துதான் முடிவு சொல்லுவேன்," என்றான் அவன்.

"வாங்க. எதுனா ஒரு ஒரிஜினல் குடுத்துட்டுத்தான் வண்டியத் தொடணும்," என்றார் சீனுவாசன்.

அவன் போனதும் வெண்ணிலா, "நான் கூடப் போய்ட்டு வர்றேன் சார்," என்றாள்.

"நீயா? டீ குடிக்கலாம் எறங்குன்னுவான், நீயும் எறங்குவ. அவன் பறந்துடுவான். நான் போறேன். ஒண்ணுக்கு வந்தாக்கூட சீட்ட விட்டு எறங்க மாட்டேன். நீ கடையப் பாத்துக்க."

மறுநாள் விடியலில் பனி, எதிரே இருந்த பெட்ரோல் பங்கை விழுங்கியிருந்தது. அறிவுச்செல்வன் குரங்குக் குல்லாவோடு வந்தான். செடானில் முதலில் ஏறி உட்கார்ந்தது சீனுவாசன்தான். அவர் ஒரிஜினலைக் கேட்பதற்குள் அவன் வண்டியைக் கிளப்பிவிட்டு, மஞ்சள் பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினான்.

"திருவெண்ணெய்நல்லூர்ல எங்க கரும்புக் காட்டுப் பத்திரம். ஒரிஜினல்."

புரட்டிப் பார்த்தார். ஒரிஜினல்தான். இதை பீரோவில் வைக்க இறங்கினால்? இஞ்சின் உறுமிக்கொண்டிருக்கிறது. பார்ட்டி இதற்குத்தான் காத்திருக்கிறான். சீனுவாசன் சிரித்துக்கொண்டார். இடுப்புக் கயிற்றிலிருந்து பீரோ சாவியை அவிழ்த்து, பத்திரத்தோடு ஜன்னல் வழியாக வெண்ணிலாவிடம் கொடுத்தார்.

"உள்ள வச்சுப் பூட்டிட்டு சாவியக் கொண்டா. ஜல்தி."

போனாள். வந்தாள். "பூட்டியாச்சு சார்." சாவி மறுபடி இடுப்புக்குப் போனது.

கூட்டேரிப்பட்டில் அவன், "டீ சாப்புடலாமா?" என்றான். சீனுவாசன் இறங்கவில்லை. "முன்னாடி கண்ணாடியில பனி. எறங்கித் தொடைங்களேன்," என்றான். தன் துண்டைத் தூக்கி அவன் மடியில் போட்டார். வண்டி மாற்றும்போதும் எஸ்யூவியில் முதலில் ஏறியது அவர்தான்.

வெயில் வந்தபோது இரண்டு வண்டிகளும் வாசலில் பத்திரமாக நின்றன.

"செடான்ல குனிஞ்சி எறங்கணும். எஸ்யூவில தாவி ஏறணும். ரெண்டும் நமக்கு ஒத்துவராதுங்க," என்றான் அவன்.

சீனுவாசனே பீரோவைத் திறந்தார். பத்திரம் இருந்தது. வெண்ணிலாவின் பச்சை ஃபைல் எப்போதும்போல அதன் இடத்தில் இருந்தது. பத்திரத்தை வாங்கிக்கொண்டு அவன் திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்கப் போனான்.

"பாத்தியாம்மா? உக்காந்த எடத்துலயே திருடன ஜெயிச்சேன். ஒரு நட்டு போல்ட்டு போவல."

"ஆமாங்க சார்," என்றாள். அவர் பேச்சுக்கு அவள் ஆமாம் போட்டது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை வெண்ணிலா வரவில்லை. சீனுவாசன் நிதானமாக டீ குடித்துவிட்டு போன் போட்டார்.

"இன்னாம்மா, சர்ட்டிபிகேட்டு ஞாபகம் இருக்குதா?"

"ஃபைலத் தொறந்து பாருங்க சார்." பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

திறந்தார். உள்ளே பளபளவென்று இரண்டு விளம்பரப் புத்தகங்கள். ஒன்று செடானுடையது, இன்னொன்று எஸ்யூவியுடையது.

"எங்க அக்கா வூட்டுக்காரரு ஸ்கூல் வேன் ஓட்றவரு சார். உங்க ரெண்டு வண்டியும் அவருக்கு ரொம்பப் புடிச்சிருந்துதாம்."

"போலீசுக்குப் போவேன்" என்று கத்தினார் சீனுவாசன்.

"போங்க சார். உங்களுது இன்னா திருடு போச்சுன்னு கேப்பாங்க. என் டிகிரின்னு சொல்லுங்க."