வாய்த்தகராறு

காவல் நிலைய ஜன்னல் வெயில் தம்பியின் கிழிந்த காதில், காய்ந்த ரத்தத்தில் விழுகிறது. பிறவியிலேயே வாய் பேசாதவன். பேருந்தில் அவன் சைகையில் பேசியதைக் கேலி செய்தபடியே நாலு பேர் அடித்திருக்கிறார்கள்.

"ஊமை ஊமைன்னு சொல்லியே அடிச்சாங்க சார். வெறுப்புக் குற்றம்னு எழுதுங்க" என்கிறாள் அக்கா.

"அந்தச் சட்டத்துல மதம் இருக்கு, இனம் இருக்கு. ஊமை இல்லையேம்மா. சட்டத்த நானா எழுதினேன்?" என்கிறார் எழுத்தர். 'காரணம்' என்ற கட்டத்தில் 'வாய்த்தகராறு' என்று எழுதி, தாளையும் பேனாவையும் தம்பியிடம் தள்ளுகிறார். கையெழுத்து விழுந்தால் அடித்த நாலு பேரும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார்கள். தம்பி படிக்கிறான். பேனாவைக் கீழே வைக்கிறான். அவன் விரல்கள் படபடவென்று அசைகின்றன. நிலையமே திரும்பிப் பார்க்கும்படி அக்கா அதைக் குரலாக்குகிறாள்:

"எந்த வாயாலன்னு கேக்கிறான் சார்!"